தாமதமாக விழுந்த அடி

வேன் நைஸ். அக்டோபர்.
இருட்டிய பிறகும் தார்ச்சாலை சூடு விடவில்லை.
ஸ்டுடியோவை ஒட்டி ஒரு டயர் கடை.
காற்றடிக்கும் இயந்திரத்தை அவர்கள் நிறுத்தும்வரை
எங்களுக்குப் பதிவு இல்லை.

படத்தை யாரும் காட்டவில்லை.
கதையைக் கில் அப்ருஸோ சொன்னான்,
சாண்ட்விச்சை மென்றபடி:
கடல் நடுவே எண்ணெய்க் கிணறு எரிகிறது.
கணவன் அங்கே, மனைவி படகுத்துறையில்.
ஹெலிகாப்டர் வருகிறது.
அதில் அவன் இல்லை.
அவள் திரும்புகிறாள்.
திரும்பும்போது டிரம்ஸ்.

அதுவரை? என்றேன்.
அதுவரை நீ சும்மா இரு.

இரண்டு நிமிடம் பதினோரு நொடி.
சும்மா இருப்பதற்கு என்ன கூலி என்று
சங்கத்தின் சம்பளப் பட்டியலில் எங்குமே இல்லை.

முதலில் பியானோ.
பிறகு டெஸிரே ஹௌக்லண்ட்,
எச்சில் விழுங்குவதும் மைக்கில் பதியும் அளவுக்கு நெருங்கி நின்று.
கிட்டார் ஒரு கதவைக் கொஞ்சம் திறக்கும்,
உடனே சாத்திவிடும்.
குச்சிகளைத் தொடைமேல் கிடத்தி
எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறு டேக்.
ஆறிலும் நூல் பிடித்த மாதிரி விழுந்தது என் அடி.
ஆறு முறையும் கில் உதட்டைப் பிதுக்கினான்.

ஏழாவதுக்கு முன்னால் டெஸிரேவுக்குப் போன் வந்தது.
யார், என்ன, ஒன்றும் சொல்லவில்லை.
போகலாம் என்றாள்.
பாடினாள்.
நான் நுழைவதற்கு முந்தைய வரியில்
கடைசிச் சொல்லை விட்டுவிட்டாள்.

சொல் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் மூச்சு.

சொல்வாளா என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.
பார்த்த நேரத்தில் தாளம் என்னைத் தாண்டிப் போயிருந்தது,
ஒரு மயிரிழை.
துரத்திப் போய் அடித்தேன்.

பாட்டு முடிந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
கில் கையை உயர்த்தினான்.
இதுதான், என்றான்.
எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்.

மார்ச்சில் படம் வந்தது.
ரெசீடாவில், மார்லிஸையும் அவள் அக்காவையும்
கூட்டிப்போனேன். பெரிய டப்பாவில் பாப்கார்ன்.
படகுத்துறை. பியானோ.
டெஸிரேயின் எச்சில் விழுங்கும் ஒலி, அரங்கம் முழுக்க.
ஹெலிகாப்டர் வந்தது.
அதன் விசிறி பாட்டை அப்படியே
தின்றுவிட்டது.
அவள் திரும்பியபோது சைரன்.

இதில் நீ எங்கே? மார்லிஸ் முழங்காலைத் தட்டினாள்.
இனிமேல்தான், என்றேன்.
படம் முடிந்து விளக்கு போடும்வரை
இனிமேல்தான்.

அந்தப் படத்தின் பெயரை இன்று யாரிடம் கேட்டாலும்
நெற்றியைச் சொறிவார்கள்.
பாட்டு மட்டும் தனியாகப் பிழைத்துக்கொண்டது:
பல் மருத்துவர் வீட்டுக்கூரையில்லாத வெள்ளை அறையில்,
உறைந்த மீன் அடுக்கிய வரிசையில்,
யார் யார் கல்யாணத்திலோ
நள்ளிரவு தாண்டி, செருப்பைக் கழற்றிய பிறகு.
எனக்கு வந்தது அன்றைய கூலி, ஒரே காசோலை.
அதில் வாங்கிய குளிர்பெட்டியும் போய்விட்டது.

போன செவ்வாய், 405-இல் நெரிசல்.
பக்கத்துத் தடத்தில் நீச்சல்குளம் துப்புரவு செய்பவனின் வேன்,
கூரையில் நீண்ட வலைகள்.
இருபத்தைந்து வயதிருக்கும்.
கண்ணாடி இறக்கியிருந்தான். அதே பியானோ.
வாயை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தான்.
அந்த வரி வந்ததும்
கடைசிச் சொல்லின் முன் உதட்டை மூடினான்.
ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையும் எழுந்து
அந்தரத்தில் நின்றன.

சரியான இடம் வந்தது.
அவன் அடிக்கவில்லை.
ஒரு மயிரிழை கழித்து,
இறங்கின கைகள்.

அவனுக்கு யாரும் போன் செய்திருக்கவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் யாரையும் பார்க்கவில்லை.

முன்னால் வரிசை நகர்ந்துவிட்டிருந்தது.
பின்னால் ஹாரன்.
இன்னொரு ஹாரன்.
கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பினேன்.